பொய்ச் சாவுக்கு வந்தவர்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மற்றவர்கள் சொல்லித் தெரிய வேண்டாம் என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக வேலை செய்கிறேன். மாதக் கடைசியில் எல்லாருக்கும் சம்பளச் சீட்டு போட்டுக் கொடுப்பது என் வேலை. அந்தச் சீட்டில் வருமான வரிக்கு என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்த்த உடனே ஆளுக்கு ஆள் என் மேசைக்குத்தான் வருவார்கள், என்னமோ நானே அந்தப் பணத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி. "எனக்குந்தான்யா வெட்டுறாங்க, போ, போய் வேலையைப் பாரு" என்று விரட்டிவிடுவேன். அவர்கள் போன பிறகு என் சீட்டை எடுத்துப் பார்த்து, அவர்களைவிட நன்றாகத் திட்டுவேன்.

அப்படிப்பட்ட என்னிடம் வந்துதான் என் தங்கை, படம் எடுக்க அரசாங்கம் தனக்குப் பணம் கொடுத்திருக்கிறது என்று சொன்னாள்.

தங்கைக்கு நாற்பத்தொரு வயது. கோலசிலாங்கூர் டவுனில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். யார் வீட்டுத் தாலி எந்த நிமிடம் ஏறியது என்று அவளுக்குத்தான் தெரியும். நல்ல வருமானம். அதையெல்லாம் குறைத்துக்கொண்டு இரண்டு வருடமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். செரண்டாவில் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் விஷயத்தைச் சொன்னாள்.

"குறும்படம்க்கா. இருபது நிமிஷம். தோட்டத்துல பால்மரம் சீவுன ஒரு அம்மாவோட சாவு."

"சாவா? சாவுக்கு அரசாங்கம் காசு குடுக்குதா?"

"விண்ணப்பம் போட்டேன். கூப்புட்டுக் கேள்வி கேட்டாங்க. குடுத்தாங்க."

"அரசாங்கத்துக்கு ஏதுடி காசு? என் காசு அது. மாசாமாசம் என் சம்பளத்துல வெட்டுறது. கிளினிக்குல நம்பரு எடுத்துட்டு மத்தியானம் வரைக்கும் ஒக்காந்திருக்கோம். ரோட்டுல குழி. நீ என்னடான்னா என் காசுல சாவு படம் எடுக்குறியா? சாவ பாக்குறதுக்கு எனக்கு உன் படம் எதுக்கு? பக்கத்து வீட்ட எட்டிப் பாத்தா போதாதா?"

அவளுக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும். "சரிக்கா, ஒன் காசுதானே? ஒரு நாள் லீவு போட்டுட்டு வா. ஒழுங்கா செலவாவுதான்னு ஒன் கண்ணால பாரு லா" என்றாள். அப்புறம் சும்மா இருக்காமல் அப்பாவை வேறு இழுத்தாள்.

தோட்டம் இருந்தபோதே போய்ச் சேர்ந்த அப்பாவின் கதை இதுதான். தோட்டத்தில் திருவிழா வந்தால் ஆளுக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், சம்பளத்திலேயே வெட்டிவிடுவார். சாமிக்கு மாலை, ஊருக்குச் சோறு, கடைசி நாள் நாடகம் எல்லாம் அதில்தான். அப்பா வருடா வருடம் வீட்டுக்குள் நின்றுகொண்டு கத்துவார். "சாமிக்கு வெட்டு, வேணாங்கல. எவனோ வேசம் கட்டி ஆடுறதுக்கு நான் ஏன்டா குடுக்கணும்?" ஆனால் நாடகத்தன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே போய் மேடைக்கு முன்னால் பாயை விரிப்பதும் அவர்தான். மேடையில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுதால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். கேட்டால், வேர்க்கிறது என்பார்.

"அப்பா கதையெல்லாம் எங்கிட்ட அளக்காத" என்று தங்கையின் வாயை அடைத்தேன். ஆனாலும் ஒரு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வரிப்பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தே ஆக வேண்டும் போலிருந்தது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே இருந்தது. ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தபோது சனங்கள் சிதறிப்போனார்கள். சிலர் அசாம் ஜாவா, சிலர் ரவாங், நாங்கள் செரண்டா. எங்கே போனாலும் ஒன்றை மட்டும் அவர்கள் விடவில்லை. மரண உதவிச் சங்கம். வீட்டுக்கு மாதம் மூன்று வெள்ளி, அதாவது மூன்று ரிங்கிட். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சங்கம் வந்து நிற்கும். கூடாரம், நாற்காலி, சர்க்கரை போட்ட கறுப்புக் கோப்பி, மூன்று நாள் சோறு, எல்லாம் சங்கத்து ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர்கள் அழுதால் மட்டும் போதும்.

அந்தச் சங்கத்துக்குப் பொருளாளர் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீட்டு அத்தை. அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் மரம் சீவியவர். சந்தா வாங்குவதற்காக மாதா மாதம் அசாம் ஜாவாவிலிருந்து செரண்டாவுக்கு வருவார். ஒரு நாள் எனக்கு வேலையிடத்தில் என்ன எரிச்சலோ, வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டேன். "செரண்டாவுக்கு வந்து இத்தன வருசமா கட்டுறோம், எங்க வீட்டுல ஒரு சாவும் இல்ல. எவன் வீட்டுச் சாவுக்கோ என் காசுல சோறு போடணுமா அத்தை?" அத்தை ரசீதுப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் போட்டு வைத்திருந்த கோப்பி அப்படியே இருந்தது.

அதற்கு அடுத்த வருடம் அம்மா போய்ச் சேர்ந்தார். சந்தாவை நிறுத்தியவள் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அதை வெட்கம் என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல் ரோஷமாக மாற்றிக்கொண்டேன். "தோட்டத்துல ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது" என்று தங்கையிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் அக்கா சொல்லுக்குக் கட்டுப்பட்டாள். ஒரு கம்பெனிக்குப் போன் செய்தேன், அவர்களே எல்லாவற்றையும் கொண்டு வந்தார்கள், மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. வண்டியோட்டியையும் சேர்த்துப் பதினான்கு பேர். தோட்டத்தில் எந்த வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நின்றவர் என் அம்மா. அவருக்கு வாய்விட்டு அழ ஒருத்தியும் இல்லை. நானும் அழவில்லை. நின்று வேலை ஏவிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் ஆகிறது. அதன் பிறகு அத்தை முகத்தில் நான் விழித்ததில்லை.

அதனால்தான் படத்துக்கு ஆள் வேண்டும் என்று தங்கை சொன்னபோது, "சங்கத்து ஆளுங்ககிட்ட மட்டும் போயி நிக்காத, சொல்லிட்டேன்" என்றேன். அவளும் போகவில்லை. கோலாலம்பூரில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து, அழுவதற்கு முப்பது பேர், பிணமாகப் படுக்க ஒரு நடிகை என்று பேசி வைத்தாள். எங்கள் பழைய தோட்ட மண்டபத்தில் படம் எடுக்க நிர்வாகம் ஒரே ஒரு நாள்தான் அனுமதி கொடுத்திருந்தது. அது வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குக் காவல்காரர் வந்து பூட்டிவிடுவார். அந்த மாதக் கடைசிக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லை என்றால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அடுத்து விண்ணப்பம் போட்டாலும் எடுக்கமாட்டார்கள். மற்றக் காட்சி எல்லாம் எடுத்தாகிவிட்டது. அழுகைக் காட்சி மட்டும் பாக்கி. அது இல்லாமல் படமே இல்லை.

காலை எட்டு மணிக்கு நான் தோசையும் சட்னியும் கட்டிக்கொண்டு போய் இறங்கினேன். மண்டபத்து வாசலில் கூடாரம் போட்டிருந்தது. உள்ளே பெஞ்சு, பூமாலை, குத்துவிளக்கு. அசாம் ஜாவாவிலிருந்து மேளக்காரர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். கேமராக்காரர் ஒரு சீனர், ஒலிப்பதிவுக்காரர் ஒரு மலாய்க்காரர். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. "பசியாறிட்டு ஆரம்பிங்க" என்று எல்லாருக்கும் தோசை வைத்தேன். என் காசில் சம்பளம் வாங்குகிறவர்கள் வெறும் வயிற்றோடு வேலை செய்யக் கூடாது பாருங்கள்.

வந்துகிட்டே இருக்கு என்று காலையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஏஜெண்ட், மத்தியானம் பன்னிரண்டரைக்குத்தான் போன் செய்து உண்மையைச் சொன்னான். பஸ் வராது. ஏறியவர்கள் எல்லாரும் பாதி வழியில், ஒரு கடையோரம் நிறுத்தியபோது இறங்கிவிட்டார்கள். சாவுக் காட்சி என்று அவன் முன்னாடியே சொல்லவில்லையாம். "வெள்ளிக்கெழம அதுவுமா, தாலி கட்டுனவங்க பொய்ச் சாவுல போயி ஒக்காந்து அழுவாங்களா?" என்று சண்டையாம். பிணமாகப் படுக்க வேண்டிய நடிகையும் அந்தக் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

தங்கை போனை வைத்துவிட்டு மண்டபத்துப் படியில் உட்கார்ந்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அவளை அப்படிப் பார்த்தது அம்மா போன அன்றுதான். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீ படுக்குறியா?"

"என்னது?"

"மொகம் மட்டும் கிட்டக்க வெச்சு எடுத்துக்குறேன். அதுக்குள்ள நான் நாலு பேருக்குப் போன் பண்ணி ஆள் பாக்குறேன். நீ சும்மா கண்ண மூடிக்கிட்டு கெட. ஒன்னும் பேச வேணாம்."

பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். அடிப்பாவி என்று திட்டிக்கொண்டே ஒப்புக்கொண்டேன். முகத்தில் என்னவோ சாம்பல் நிறத்தில் பூசினார்கள். மூக்கில் பஞ்சு. நெற்றியில் ஒரு காசு. இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டினார்கள். கட்டிக்கொள்ளச் சொல்லி அவள் கொடுத்த சேலையைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். அம்மாவின் பச்சைச் சேலை, கட்டம் போட்டது. "பெட்டியில சும்மாதானேக்கா கெடந்துச்சு" என்றாள். "நான் கட் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. ஈ ஒக்காந்தாலும் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துப் பின்னால் போனாள்.

மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். சும்மா இருக்க முடியாதவர்கள்.

அப்புறம் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. செம்பனைக் காட்டு வழியாக மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் மேளச் சத்தம் கேட்டு நின்றிருக்கிறார். எங்கள் பழைய தோட்டத்து ஆள். கூடாரத்தைப் பார்த்தார், எட்டி உள்ளே பார்த்தார், நான் கிடந்தேன். அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கத்து வாட்சப் குழுவில் சொல்லிவிட்டார். அங்கேயும் எவரும் எனக்கோ தங்கைக்கோ போன் போட்டு விசாரிக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போன் செய்து, செத்தது நிஜம்தானா என்று எங்கள் சனம் கேட்காது. கேட்டால் அது பெரிய அவமரியாதை. சாவு என்று காதில் விழுந்தால் கிளம்பி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். தொழிற்சாலையில் இருந்தவர்கள் அரை நாள் லீவு போட்டார்கள். கோப்பி பிளாஸ்க்கும் பிஸ்கட் டின்னும் எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் மண்டோராக எங்கள் சனத்தை வேலை வாங்கிய சங்கத் தலைவர் லோரியில் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

பெஞ்சில் கிடந்தபடியே கண்ணயர்ந்துவிட்ட எனக்குக் காலடிச் சத்தம் கேட்டது, பிறகு அழுகை. சரி, தங்கை எப்படியோ ஆள் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். கேமராக்காரரும் அப்படித்தான் நினைத்து ஓடவிட்டுக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் அழுதார்கள். பரவாயில்லையே, கொடுக்கிற காசுக்கு வஞ்சனை இல்லாமல் அழுகிறார்களே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு கிடந்தேன்.

அப்போது ஒரு கை என் கன்னத்தைத் தடவியது. காய்ப்புக் காய்த்த கை.

"கோவக்காரி, கோவக்காரின்னு ஊரே சொல்லுமேடி... அந்தக் கோவத்தையும் கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டியேடி..."

அத்தையின் குரல்.

"ஒங்காத்தாளுக்குத்தான் எங்கள அழவுடல. யாரோ எவரோ மாதிரி அனுப்பிட்ட. நீயாச்சும் எங்க கண்ணு முன்னால கெடக்குறியேடி மகளே... எங்களுக்குச் சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டமாடி? மூணு வெள்ளிக்காடி வருவோம் நாங்க?"

எழுந்திருக்க வேண்டும் என்று புத்தி சொன்னது. உடம்பு கேட்கவில்லை. வெட்கத்தில் அப்படியே விறைத்துப்போய்க் கிடந்தேன். எந்த முகத்தோடு கண்ணைத் திறப்பேன்? அத்தை என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஒடம்பு சூடு கூட இன்னும் ஆறலயே" என்று பக்கத்தில் யாரோ அழுதார்கள்.

"கட்! கட்! நிறுத்துங்க!"

தங்கை ஓடிவந்தாள். வந்த முகங்களைப் பார்த்தாள், அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. நான் கண்ணைத் திறந்து, மூக்குப் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்தேன். மண்டபமே அலறியது. பிஸ்கட் டின் ஒன்று கீழே விழுந்து உருண்டது. மேளக்காரர் ஒருவர் மேளத்தைப் போட்டுவிட்டு வாசல் வரை ஓடி, பிறகு ஞாபகம் வந்து திரும்பி வந்தார். எனக்குக் கால்விரல் கட்டியிருந்ததால் இறங்கவும் முடியவில்லை.

தங்கை எல்லாருக்கும் நடுவில் நின்று நடந்ததைச் சொன்னாள். படம், அரசாங்கப் பணம், வராத பஸ், ஒன்றையும் மறைக்கவில்லை. தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கு சனம்! கவர்மெண்ட்டு காச வாங்கிக்கிட்டு எங்ககிட்ட வெளையாடுறீங்களா?"

"அது ஒங்க காசு மாமா" என்றாள் தங்கை. "நீங்க எல்லாரும் கட்டுன காசு. அதுல ஒங்கள ஏமாத்தி எடுத்ததா இருக்கக் கூடாது."

கேமராக்காரரைக் கூப்பிட்டாள். சற்றுமுன் எடுத்ததை எல்லாரும் பார்க்கும்படி அழிக்கச் சொன்னாள். அவர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார். படம் எடுப்பது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த அழுகை மாதிரி ஒன்று காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று எனக்கே தெரிந்தது. அது இருந்தால் படம் முடிந்துவிடும். மணி அப்போது நாலு. வேறு நாள் கிடையாது, வேறு ஆள் கிடையாது. "அழிங்க" என்றாள். அவர் அழித்தார்.

நான் என் தங்கையை நாற்பத்தொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பால் பாட்டிலைக் கையில் கொடுத்தவள் நான். அன்றைக்குத்தான் அவளைப் பார்த்தேன். கும்பிட வேண்டும் போலிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

சனம் ஒன்றிரண்டாகக் கிளம்பத் தொடங்கியது. அத்தை மட்டும் நகரவில்லை. என் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஒங்கம்மா சீலையாச்சே."

"ஆமா அத்தை" என்றாள் தங்கை. "படத்துல செத்தது அம்மாதான். அக்கா சும்மா படுத்திருக்கா."

"அப்ப இது ஒங்கம்மாவுக்கா?"

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக அவள் எழுதிக்கொண்டிருந்தது என்ன என்று நான் ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. அம்மாவுக்கு நடக்காத சாவைத்தான் அவள் எழுதியிருக்கிறாள். நடக்கவிடாமல் செய்தவள் நான்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். போகிறவர்களைப் பார்த்து, "எங்க போறீங்க? வந்த சாவு முடியல, வாங்க" என்று சத்தம் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"படுடி."

"அத்தை, வெள்ளிக்கெழம..."

"எனக்குச் சொல்லித் தர்றியா? ஒங்கம்மா எனக்கு எந்தக் கெழமையிலயும் ஒன்னுதான். படு."

படுத்தேன். தலைவர் முறைத்துக்கொண்டே போய் நாற்காலிகளை வரிசைப்படுத்தினார். மேளம் தொடங்கியது.

இந்த முறை எல்லாருக்கும் தெரியும். நான் செத்தவள் இல்லை, என் முகத்தில் இருப்பது மாவு, எதிரில் கேமரா ஓடுகிறது, இது படம். தெரிந்தால் எப்படி அழுகை வரும் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். அத்தை தொடங்கினார்.

"பொழுது விடியாதப்ப பேரு கூப்புடுறப்ப எனக்கும் சேத்துக் கொரலு குடுப்பியேடி... என் நெரை முடியாம நிக்கையில ஒன் வாளிய வெச்சுட்டு ஓடியாருவியேடி... பதினோரு வருசமா ஒன்ன அழாம நெஞ்சுக்குள்ளயே வெச்சிருந்தேனே... எங்கள விட்டுட்டு யாருடி ஒன்னத் தூக்குனா?"

ஐயோ, அந்த அழுகையை நான் எப்படி எழுதுவேன்! முதலில் அழுதது கொஞ்சம்தான். பொய் என்று தெரிந்த பிறகு அழுததுதான் அழுகை. ஒவ்வொரு பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். அம்மாவை அழுதார்கள், தங்களை அழுதார்கள், யார் யாரையோ அழுதார்கள். தலைவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தது ஞாபகம் வந்தது.

நான் பிணம், பிணம் அழக் கூடாது, இது தங்கையின் வாழ்க்கை என்று பல்லைக் கடித்தேன். கண்ணை இறுக்கவும் முடியாது, இறுக்கினால் தெரிந்துவிடும். முடியவில்லை. பதினோரு வருடத்துத் தண்ணீர் கண்ணோரத்தில் வழிந்து காதுக்குள் போயிற்று. தங்கையிடமிருந்து 'கட்' வரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் மெதுவாகச் சொன்னாள்.

"கெடுத்துட்டேன்டி. தண்ணி வந்துருச்சு. திருப்பி எடு" என்று எழுந்து உட்கார்ந்தேன். தங்கை வெளியே பார்த்தாள். மணி ஆறாகிவிட்டது. காவல்காரர் சாவிக் கொத்தோடு படியேறிக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கலாம்க்கா" என்றாள்.

அத்தை யாரையும் அப்படியே கிளம்ப விடவில்லை. எல்லாரும் குழாயில் கைகால் கழுவினார்கள். என் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, "பொய்யா படுத்தவ, நூறு வருசம் இருந்து எல்லாரு உசுரையும் வாங்குவ போ" என்றார். வராத முப்பது பேருக்கு வாங்கி வைத்திருந்த சோற்றைக் கூடாரத்துக்கு அடியில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். தலைவர் சட்டைப் பையிலிருந்து சாவு வீட்டுக்குக் கொடுக்கும் சங்கத்தின் வெள்ளை உறையை எடுத்து எனக்குக் காட்டிவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது இப்ப ஒனக்குக் கெடயாது. நெசமா போறப்ப வாங்கிக்க."

"நான் சந்தாவே கட்டலயே மாமா."

"அப்ப கட்டு லா" என்றார்.

கட்டுகிறேன். மாதம் மூன்று வெள்ளி. வாங்க அத்தை வரும்போது கோப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் அனுப்புகிறேன். எல்லாப் படத்துக்கும் அரசாங்கம் காசு கொடுக்க வேண்டும் என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். ரோட்டுக் குழி அப்படியேதான் இருக்கிறது, நான் அப்படியேதான் திட்டுகிறேன். ஆனால் எவன் வீட்டுச் சாவுக்கோ என் காசா என்று கேட்ட வாய் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. எவன் வீட்டு அழுகையோ என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததை நானே பார்த்துவிட்டேன்.

படத்தைத் தங்கை கெடு நாளுக்கு முன்பே கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். என்ன செய்து முடித்தாள், என் கண்ணீரை எப்படி மறைத்தாள் என்று கேட்க எனக்குப் பயம். அவளாகவும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புக்கிட் ரோத்தானில் ஒரு மண்டபத்தில் இலவசமாகப் போட்டுக் காட்டினாள். அன்றைக்கு வந்த அத்தனை பேரும் வந்தார்கள். என் தொழிற்சாலையில் வரிக் கட்டத்தைக் காட்டிச் சண்டை போடுகிறவர்களையும், "ஒங்க காசுதான், வந்து பாருங்கய்யா" என்று இழுத்து வந்திருந்தேன். குடும்பம் குட்டியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். எனக்குப் பக்கத்தில் அத்தை.

கடைசிக் காட்சி வந்தது. திரை முழுக்க என் முகம், இல்லை, அம்மா முகம். பூச்சும் காசும் பச்சைச் சேலையுமாக அச்சாக அம்மாவேதான். அத்தையின் அழுகை கேட்கிறது. மூடிய கண்ணின் ஓரத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் திரள்கிறது. வழிகிறது. தங்கை அதை வெட்டவில்லை, மறைக்கவில்லை. அது காதோரம் போய்ச் சேரும் வரை அப்படியே விட்டிருந்தாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பின்வரிசையில் ஒரு குரல், "ஏய், பொணம் அழுவுது லா!" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அத்தை எழுந்து நின்று பின்னால் திரும்பினார்.

"சும்மா கெடங்க. அழுவுறது பொணம் இல்ல. அது மக."